மசக்கையை வாங்கிக்கொண்ட கை

“என் வேலையை எடுத்துக்கிச்சு, சரி. என் மசக்கையையும் சேர்த்து எடுத்துக்கச் சொல்லி அதுகிட்ட யாரு சொன்னது?” என்று பிருந்தா விடிந்ததிலிருந்து கேட்டதையே திரும்பவும் கேட்டபோது, சுகந்தி கையிலிருந்த தோசைத் திருப்பியை அடுப்பு மேடையில் வைத்தாள், வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டாள்.

“ஏண்டி, வாந்தி நின்னுபோச்சுன்னு அழற ஒரே பொம்பளை இந்த உலகத்துலயே நீதாண்டி. உன்னைச் சுமந்தப்ப தாளிக்கிற வாசனைக்கே எனக்குக் குடல் வெளிய வந்துது. அப்ப யாராவது வந்து நான் வாங்கிக்கறேன்னு சொல்லியிருந்தா, தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக் குடுத்திருப்பேன்.”

“நீ குடுத்திருப்ப. நான் குடுக்கலையே.”

“குடுக்கலையா? தாரை வார்த்துல்ல குடுத்திருக்க! லேபே நின்னு கைதட்டியிருக்கு.”

பிருந்தா கல்லில் கருகிய தோசையைத் தானே திருப்பிப் போட்டாள். அது நடந்ததுதான்.

ஒரு பக்கம் உப்பளமும் இன்னொரு பக்கம் காயலும் நடுவே ஒரு மாத்திரைக் கம்பெனியும், அந்தக் கம்பெனியின் முதுகில் சாய்ந்துகொண்டு தூங்குவதுபோல் அதன் குவார்ட்டர்ஸுமாக இருந்த ஊர் அது. மதியமானால் வெயில் உப்புப் பாத்திகளில் விழுந்து, எழுந்து, ஜன்னல் வழியே ஏறி, வீடுகளின் உட்கூரையில் தண்ணீர்போல் நெளியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் பெண்களுக்குத் தாங்கள் விழித்திருக்கிறோமா மிதக்கிறோமா என்பது நாலு மணிப் பால்காரன் மணியடிக்கும்வரை தெரியாது. கம்பெனி, காய்ச்சலுக்கும் வாந்திக்கும் மாத்திரை செய்தது. மாத்திரைக்குள் சொன்ன மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கிற லேபுக்கு சுகந்தியின் கணவர் ஞானசேகரன் தலைவர். அந்த லேபில் மாத்திரையை நுணுக்கி, கரைத்து, வடிகட்டி, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, மூடி, தட்டில் அடுக்கி மெஷினுக்குள் அனுப்புகிற வேலை அவர்கள் மகள் பிருந்தாவுக்கு. அந்த வேலையைச் செய்யத்தான் ஞானசேகரன் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கையை வரவழைத்தார். தோள் இருந்தது, முழங்கை இருந்தது, மணிக்கட்டு இருந்தது, நுனியில் ரப்பர் ஒட்டிய இரண்டு விரல்கள் இருந்தன. உடம்பென்று ஒன்று மட்டும் கிடையாது. “பொண்ணுக்கு வேலை போட்டுக் குடுத்த கையெழுத்தும் அவருதுதான், அதைப் பிடுங்க மெஷின் வாங்கின கையெழுத்தும் அவருதுதான்” என்று சுகந்தி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அந்தக் கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்றுதான். அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பதுபோல, எடு என்றால் எடுத்து, திருகு என்றால் திருகி, வை என்றால் வைத்து. பிருந்தா பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மழைக்காலம் முழுக்க இரண்டு கைகளும் ஒரே கையாகப் போய்வந்துகொண்டிருந்தன. கற்றுக்கொடுத்து முடிந்த அன்று, வேலையும் முடிந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், கூட வேலை பார்த்த லூர்து அக்கா, “அழுதுகிட்டே போனா நல்லதில்லடி. பொண்ணைக் கட்டிக்குடுக்கற மாதிரி முறையா குடுத்துட்டுப் போ, மனசு ஆறிடும்” என்று விளையாட்டாகச் சொல்லி, பிருந்தாவின் கையை அந்த ரப்பர் விரல்களின்மேல் பிடித்து, காய்ச்சி வடித்த நீர் இருந்த பாட்டிலை அமுக்கி நீர் வார்த்தாள். பிருந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “என்கிட்ட இருக்கறது எல்லாம் உனக்கே” என்றாள். நாள் தள்ளிப்போயிருப்பது அன்றைக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லாம் என்றால் எல்லாம்தானே. நீர் வார்த்துச் சொன்ன சொல்லில் இது நீங்கலாக, அது நீங்கலாக என்று பிற்பாடு பிரித்துச் சொல்ல முடியுமா?

மறுநாள் காலை, கை முதல் குப்பிக்கு மருந்தை உறிஞ்சியது, ஒரு கணம் நின்றது, உறிஞ்சியதை அப்படியே கக்கியது. இரண்டாவது குப்பிக்கும் அப்படியே. அன்று சோதனைக்கு வந்திருந்தது வாந்தி மாத்திரை. “அதைக் கையில வெச்சுக்கிட்டே வாந்தி எடுக்குதே, இந்த மருந்தை எவன் வாங்குவான்?” என்று யாரோ சிரித்தார்கள். ஆனால் காலை பத்து மணிவரை கக்குவதும், பத்து மணிக்குமேல் ஒன்றும் நடக்காததுபோல் வேலை பார்ப்பதுமாக ஒரு வாரம் போனபோது, மூன்று பிள்ளை பெற்ற லூர்து அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், இது மசக்கை” என்றாள்.

ஞானசேகரன் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிறவர் இல்லை, எழுதுகிறவர். காலை நேர டீவியேஷன், அதாவது வழக்கத்திலிருந்து சின்ன விலகல், மருந்தின் தரத்துக்குப் பாதிப்பில்லை என்று எழுதி, கையின் வேலை நேரத்தைப் பத்து மணியிலிருந்து மாற்றி வைத்தார்.

அதே வாரம் பிருந்தாவுக்குக் குமட்டல் நின்றது. கருவாடு பொரிகிற அடுப்பங்கரையில் நின்றுகொண்டு ஆரஞ்சுப்பழம் உரித்தாள். கால் வீங்கவில்லை, நெஞ்சு எரியவில்லை, தூக்கம் கெடவில்லை. வயிறு மட்டும் மாதம் தப்பாமல் வளர்ந்தது. பஞ்சுமூட்டையைச் சுமப்பதுபோல் அதைச் சுமந்துகொண்டு அவள் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஓசூரிலிருந்து சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மாப்பிள்ளை, “நல்லதுதானே அத்தை” என்றார். சுகந்தியும் அப்படித்தான் நினைத்தாள். நோகாமல் நொங்கு தின்னக் கிடைத்தால் தின்ன வேண்டியதுதானே, இதில் என்ன நியாயம் கேட்கிறாள் இந்தப் பெண்?

குவார்ட்டர்ஸ் அதிசயப்படுவதில் நேரத்தை வீணாக்கவில்லை. கர்ப்பம் யாருக்கு என்பதில் குழப்பமிருக்கலாம், வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் என்ன குழப்பம்? கை வேலைக்கு நடுவே புளிப்பு அமிலப் பாட்டில் இருக்கும் அலமாரிப் பக்கமாகவே நீண்டு நீண்டு நின்றது என்று கேள்விப்பட்டதும், எதிர்வீட்டு மெஹருன்னிசா எலுமிச்சை பிழிந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கணவனின் டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினாள். ஒருத்தி நெல்லிக்காய் கொடுத்தாள். ஒருத்தி மாங்காய்ப் பத்தை கொடுத்தாள். லூர்து அக்கா அவற்றின் சாற்றைக் குப்பிகளில் நிரப்பித் தட்டின் ஓரத்தில் வைப்பாள். கை ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, உறிஞ்சாமல், கொட்டாமல், வெகுநேரம் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். ஆறுதல் அதிலேயே கிடைத்ததுபோல் இருக்கும். அப்புறம் உப்பளப் பக்கத்து ஜன்னலைப் பார்த்து விரல்களைத் திறந்து திறந்து மூடியது. சாம்பலும் மண்ணும் கேட்கிற வயிறுகளைப் பார்த்த ஊர் அது. காவலாளியே போய்ப் பாத்தி ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கு அசதி வந்தது. மணிக்கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாதி திருகிய மூடியோடு தூங்கிப்போகும். அப்போது லேபில் யாரும் பேச மாட்டார்கள். விளக்கைக் குறைத்துவிடுவார்கள். மெஷின்களின் பம்புகள் மட்டும், தொட்டில் ஆட்டுகிறவள் வாய்க்குள் முனகுவதுபோல் ம்ம் ம்ம் என்று ஓடிக்கொண்டிருக்க, உப்பு வெயில் கண்ணாடி தாண்டி வந்து கூரையில் நெளிய, அந்த நேரத்தில் குவார்ட்டர்ஸில் படுத்திருந்த பெண்களும் லேபில் உட்கார்ந்திருந்த ஆண்களும் காயலில் நின்றபடி தூங்கும் நாரைகளும் ஒரே தூக்கத்தின் வேறு வேறு மூலைகளில் இருந்தார்கள்.

பிருந்தா மட்டும் விழித்திருந்தாள். அவளுக்குத்தான் அசதி கிடையாதே.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் லூர்து அக்காவிடமிருந்து சுகந்திக்கு போன் வந்தது. “அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. பேரப்புள்ள அசையுது.”

“எங்க?”

“இங்கதான். கையில.”

சுகந்தி காத்திருக்கத் தெரியாதவள். பஸ் வருவதற்குள் ஆட்டோ பிடித்துவிடுவாள். எதிராளி வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே மீதியைத் தானே சொல்லி முடித்து அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூட நாளில் சிஸ்டர் ஜெபம் சொல்லி நிறுத்துவதற்குள் ஆமென் சொல்லி அடிவாங்கியவள். அப்படிப்பட்டவள் வாசலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்து, விசிட்டர் பாஸை மாட்டிக்கொண்டு, தலைக்குத் துணித்தொப்பியும் காலுக்கு உறையும் போட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த அந்த வெள்ளை மணிக்கட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. “எங்க லூர்து? ஒண்ணையும் காணோமே” என்றாள். “கொஞ்சம் பொறுங்கக்கா” என்றாள் லூர்து. சுகந்தி பொறுத்தாள். பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது. பிறகு அந்தச் சில்லிப்புக்கு அடியில், எங்கேயோ ஆழத்தில், காயலில் மடவை மீன் புரண்டு படுப்பதுபோல் ஒன்று மெதுவாகத் திரும்பியது. அப்புறம் ஒரு உதை. சின்னது, சந்தேகத்துக்கு இடமில்லாதது, யாருக்கோ கோபம் வந்ததுபோல.

“என்னை மாதிரியே இருக்கு” என்றாள் சுகந்தி. 

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று லூர்து சொன்னது குவார்ட்டர்ஸ் முழுக்க அன்று மாலைக்குள் பரவிவிட்டது. மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். காவலாளி ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கி வைத்தார். அதில் வளையல்களும் மோதிரங்களும் கொலுசுகளும் குவிந்தன. வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியாக உள்ளே போய், கையை வைத்து, கண்ணை மூடி, உதை வாங்கிக்கொண்டு, யாரோ நல்ல செய்தி சொன்னதுபோன்ற முகத்தோடு வெளியே வந்தார்கள். கணக்குப் பிரிவு ஆண்கள் பேனா மறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டி உதைத்தால் பெண், புரண்டு படுத்தால் பையன் என்று ஒரு கட்சி. அதற்கு நேர் எதிராக ஒரு கட்சி. ஊரில் உதை வாங்காத உள்ளங்கை ஒன்றுதான் பாக்கி.

“ஒருதரம் வந்து தொட்டுத்தான் பாரேண்டி” என்றாள் சுகந்தி.

“என் புள்ள உதைக்கறதை நான் விசிட்டர் பாஸ் வாங்கிக்கிட்டு வந்து பார்க்கணுமா?”

“பாஸ் என்னடி பாஸ். உங்கப்பாகிட்ட சொன்னா நேரா விடுவாங்க.”

“அம்மா, டாக்டர் ஸ்கேன் பண்றப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எவ்வளவு நல்லா உதைக்குது பாருங்க’ன்னாங்க. ஸ்க்ரீன்ல கால் ஆடுது. எனக்கு ஒண்ணுமே தெரியல. பக்கத்து வீட்டு டீவியில ஓடுற படத்தைப் பார்க்கற மாதிரி இருந்துது.” சொல்லிவிட்டு அவள் தாயின் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். “இன்னிக்கும் போயிட்டு வந்தியா? லேப் சோப்பு வாசனை அடிக்குது.”

சுகந்தி கையை இழுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். 

அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம், கூரையில் வெயில் நெளிந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்த சுகந்தி அறைக்கதவு இடைவெளியில் மகளைப் பார்த்தாள். பிருந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை மடக்கி, தன் வயிற்றை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், சற்றுப் பொறுத்து மறுபடி தட்டுவாள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கிறவளைப்போல. சுகந்தி தண்ணீர் குடிக்காமல் வந்து படுத்தாள். தினமும் போய்த் தான் வாங்கிக்கொண்டு வந்த உதைகள் ஒவ்வொன்றும் யாருடைய பங்கு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் அவள் லேபுக்குப் போகவில்லை.

பிருந்தாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது ஞானசேகரன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தக் கை வர்ற வெள்ளிக்கிழமை திரும்பிப் போகுது. ரொம்ப மந்தமாயிடுச்சுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க. வாரண்டி இருக்கு. மாத்திப் புதுசு தர்றாங்க.”

“எங்க போகுது?”

“செஞ்ச இடத்துக்கு. கப்பல்ல.”

“அது வயித்துல இருக்கறது?”

ஞானசேகரன் வாயில் இருந்ததை விழுங்கினார். “புள்ள நம்ம பொண்ணு வயித்துலதான் இருக்கு.”

“புள்ள இங்க இருக்கு. புள்ளையோட ஒட்டுதல் அங்க இருக்கு. அது கப்பல் ஏறிப் போயிட்டா, நாளைக்குப் பெத்து கையில குடுக்கறப்ப இவ யாரோ ஒருத்தர் புள்ளையைப் பார்த்துக்கற மாதிரி பார்த்துக்கிட்டு நிப்பா. அதையும் டீவியேஷன்னு எழுதிடுங்க!”

அவர் கை கழுவ எழுந்து போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சுகந்தியின் சமையலறையில் பெண்கள் கூடினார்கள். நீர் வார்த்துக் கொடுத்ததைக் கொடுத்தவள் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் கேட்ட வாய் விளங்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். வாங்கினவளாகப் பார்த்து, சீராக, முறையாக, தன் கையால் எடுத்துக் கொடுத்தால் மட்டும் குற்றமில்லை. ஆனால் முறை என்றால் உறவு வேண்டும். அந்தக் கை இவளுக்கு என்ன உறவு?

“சக்களத்தி” என்றாள் ஒருத்தி.

“சீச்சீ, அவ என்ன புருஷனையா எடுத்தா? பங்காளி. இருக்கறதுல பாதி கேட்டா பங்காளிதான்” என்றாள் மெஹருன்னிசா.

“மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ உண்டா?” என்று லூர்து கேட்டாள்.

இல்லை. ஒரே பிள்ளை. கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போடக்கூட ஒன்றுவிட்ட உறவில் ஒரு பெண்ணைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

“அப்ப நாத்தனார் இடம் காலியாத்தான் இருக்கு. வளைகாப்புல முதல் வளையல் நாத்தனார் போடறது. போடறவ வெறுங்கையோட போட முடியாது, சீர் குடுத்துத்தான் ஆகணும்.”

சுகந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எடுத்ததைத் திருப்பிக் குடுத்த நாத்தனாரை நீங்க யாராவது பார்த்திருக்கீங்களாடி?” பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது முடிவாகியிருந்தது.

மிச்சமிருந்தது ஞானசேகரன். “உள்ள வளையல் வரக்கூடாது சுகந்தி. கண்ணாடி. உடைஞ்சா யாரு பதில் சொல்றது?”

“உங்க லேப்ல இருக்கறது பூரா என்னவாம்? குப்பி கண்ணாடி, குடுவை கண்ணாடி, தடுப்பு கண்ணாடி. எங்க கண்ணாடி மட்டுந்தான் உடையுமோ?”

“சந்தனம், குங்குமம், பூ ஒண்ணும் ஆகாது. காத்துல ஒரு துளி போனாலும் மெஷின் காட்டிக்குடுத்துடும்.”

“வேணாம்.”

“பாட்டு கூடாது.”

“கண்ணாடிக்கு வெளிய நின்னு பாடிக்கறோம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா முகத்தோடு அல்ல, லேப் முகத்தோடுதான் சொன்னார்: “வளைய வடிவப் பொருளைப் பிடிச்சுப் பார்க்கற சோதனைன்னு எழுதிக்கறேன். வியாழக்கிழமை மத்தியானம் வாங்க.”

வியாழக்கிழமை சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி வளையல்கள் குப்பி கழுவுகிற தொட்டியில் மூன்று தடவை கழுவப்பட்டு, ஈரம் உலர்ந்து, குப்பித் தட்டில் வரிசையாக நின்றன. ஐந்து வகைச் சாதமும் சந்தனக் கிண்ணமும் காவலாளி அறையில் காத்திருந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குவார்ட்டர்ஸ் பெண்கள் பட்டுப்புடவையில் தோளோடு தோள் நின்று நலங்குப் பாட்டைத் தொடங்கினார்கள். உள்ளே ஒரு சத்தமும் வரவில்லை, வாய்கள் மட்டும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின, மீன்தொட்டிக்குள் கல்யாணம் நடப்பதுபோல. உப்பளத்து வெயில் வளையல்களைத் துளைத்துச் சுவரில் சிவப்பும் பச்சையுமாய்ச் சுழி போட்டது. கை தூங்கிக்கொண்டிருந்தது.

பிருந்தா வெள்ளை மேலங்கி வயிற்றில் பொத்தான் பூட்ட மறுக்க, தொப்பியும் காலுறையுமாய் உள்ளே வந்து, அதற்கு எட்டத்தில் நின்றாள். அந்தக் கைக்கு வளையல் போடத் தெரியாது. யாராவது மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை காட்டிக்கொடுத்தாக வேண்டும். அதற்குப் பழகின பிடி உலகத்தில் ஒன்றுதான்.

“பிடிடி” என்றாள் சுகந்தி.

“நான் மாட்டேன்.”

“உன் நாத்தனார்டி. நாளைக்கு ஊருக்குப் போறா.”

பிருந்தா தாயை முறைத்தாள். அழுகை வருகிற கண்ணில் சிரிப்பும் வந்து முட்டியது. கிட்டே போய், மழைக்காலம் முழுக்கப் பிடித்த அதே இடத்தில், கட்டைவிரல் உள்ளேயும் நாலு விரல் வெளியேயுமாகப் பிடித்தாள். பிடித்தவள் அசையவில்லை. அவள் முகத்தில் என்னவோ நடந்தது. கேட்டுக்கொண்டே வந்த கதையில் தன் பெயர் வந்துவிட்டவளைப்போல.

“அம்மா. இதுவா?”

“அதுதான்.”

“இவ்வளவு பலமாவா?”

“என் வயித்துல இருந்தப்ப நீ இன்னும் பலமா உதைச்ச. பாடத்தைச் சொல்லிக்குடு, நேரமாகுது” என்றாள் சுகந்தி, நேரம் ஒன்றும் ஆகாவிட்டாலும்.

பிருந்தா கையைக் கூட்டிக்கொண்டு தட்டுக்குப் போனாள், பச்சை வளையலை எடுக்க வைத்தாள், திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து தன் இடது கையில், விரல்களைக் குவித்து, எலும்பு தடுக்கும் இடத்தில் சற்றுத் திருப்பி, ஏற்ற வைத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். கை தானாக எழுந்தது. அடுத்த வளையலை எடுத்தது. அவசரமில்லாமல், நோகாமல், எந்த வளையல்காரரும் போட்டிராத பக்குவத்தில், எலும்பு தடுக்கும் இடத்தில் சற்றுத் திருப்பி ஏற்றியது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. வலது கை நிறைந்தது, இடது கை நிறைந்தது. ஒவ்வொரு வளையலுக்கும் கையின் அசைவு கொஞ்சம் இலகுவாகிக்கொண்டே வந்ததை லூர்து பார்த்தாள்; மணிக்கட்டில் மாதக்கணக்காக இருந்த தொய்வு போய்க்கொண்டிருந்தது. வெளியே வாய்கள் திறந்து மூடின. ஞானசேகரன் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கடைசி வளையலைப் போட்டபின், கை தட்டைத் திரும்பிப் பார்த்தது. தட்டு காலி. அது தன்னை மடக்கிக்கொண்டு, வாங்கிவந்த முதல் நாளில் நின்றதுபோல் நேராக, சுத்தமாக, ஒரு சுமையும் இல்லாததாக நின்றது.

லூர்து அதன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சில்லென்ற பிளாஸ்டிக்.

எல்லாரும் பிருந்தாவைப் பார்த்தார்கள். பிருந்தா வளையல் குலுங்க இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கேட்டாள். பம்புகள் ம்ம் ம்ம் என்று ஓடின. கண்ணாடிக்கு வெளியே பாட்டு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை, வாய்கள் மூடியிருந்தன. பிருந்தா மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை.

அங்கே இல்லை, இங்கேயும் இல்லை.

சுகந்தி காத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்காதவள், ஆமெனுக்குக் காத்திருக்காதவள், அங்கே நின்று காத்திருந்தாள். சுவரில் சிவப்புச் சுழியும் பச்சைச் சுழியும் இடம்மாறிப் போயின. பிறகு அவள் ஒரு கையை அந்த வெள்ளை மணிக்கட்டில் வைத்து, இன்னொரு கையை மகளின் வயிற்றில் வைத்து, இரண்டுக்கும் நடுவே முழங்காலிட்டாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் அதட்டாமல் கேட்டுப் பழகாத அந்த வாய், கேட்கத் தெரியாமல் கேட்டது.

“கண்ணு, இங்கதான் உதைக்கணும்னு இல்ல. அவகிட்ட வேணாம்னா இதுகிட்ட உதை. இதுவும் வேணாம்னா என் நெஞ்சுல வந்து உதை. உனக்கு எங்க தோதோ, எது இஷ்டமோ, அங்க ஒரே ஒரு உதை உதைச்சிடு சாமி.”